மாசிமகத்துக்குப் பங்கோர் வர்றீங்களா? ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க



மாசி நெருங்கினாலே எங்க வாட்சாப்புக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு?" முதல் ஃபெரியைக் கேட்கிறவங்க ரொம்பக் கம்மி. தீவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிப் போறதைப் பத்தின கவலை வந்துடுது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்க ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள்ல பொறந்து, தோட்டம் போனப்புறம் டவுனுக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்க. மாசிமகம் வந்தா பங்கோர் தீவு ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத் திருவிழாவுக்குப் போய் தண்ணீர் பந்தல்ல நிக்கிற தொண்டூழியர்கள். ஆலய நிர்வாகம் நாங்க இல்லை. பூஜை நேரம், காவடி பதிவு எல்லாம் ஆலயத்துக்கிட்டதான் கேட்கணும். இங்க எழுதறது பந்தல்ல நின்னு பார்த்ததும், அதுல எங்களுக்குப் பட்டதும் மட்டும்தான்.

எங்களுக்குப் பட்டது இதுதான்: முடிஞ்சவங்க ஒரு ராத்திரியாவது தீவுல தங்குங்க. காலையில ஓடி வந்து, காவடி இறக்கின கையோட ஜெட்டிக்கு ஓடுற பழக்கத்தை விடுங்க. திருவிழாவுல நாங்க பார்க்கிற பாதி பிரச்சினைக்கு அந்த ஓட்டம்தான் காரணம்.

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொல்றோம். ராத்திரி கூட்டம் குறைஞ்ச நேரம், ஜெட்டிப் பக்கம் ஒரு ஆயா தனியா உட்கார்ந்திருந்தாங்க. மஞ்சப் புடவை, கையில காலி பால்குடம், மடியில ஒரு ஜோடி செருப்பு. குடும்பம் ரெண்டு கூட்டமா பிரிஞ்சு படகு ஏறியிருக்கு. முதல் படகுல போனவங்க, ஆயா பின்னாடி வர்றாங்கன்னு நினைச்சிருக்காங்க. பின்னாடி போனவங்க, ஆயா முன்னாடியே போயிட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த நெரிசல்ல யாருக்கும் நடக்கலாம். நாங்க போன் போட்டு ஆளைப் பிடிச்சு, கூடவே லுமுட் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். படகுல ஆயா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "அப்பல்லாம் நாங்க மூணு நாள் இங்கயே கெடப்போம்யா. கடலைப் பார்த்துக்கிட்டே தூங்குவோம். இப்ப கடலைத் திரும்பிப் பார்க்கவே விடமாட்டேங்குறாங்க."

அவங்க சொன்ன அந்தக் காலம் எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லி எங்களுக்கும் தெரியும். மாசி மாசம் பால்மரம் இலை கொட்டுற காலம். பால் குறையும், வேலையும் குறையும். தோட்டத்து லோரியில பாய், தலையணை, அரிசி, விறகு, சட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு, ஸ்ரீ இஸ்கண்டார், ஆயர் தாவார், சித்தியவான் வழியா லுமுட்டுக்கு வருவாங்க. வேலைக்குப் போகலைன்னா அன்னைக்குச் சம்பளம் கிடையாது. அப்படி இருந்தும் ரெண்டு நாள், மூணு நாள் தங்கினாங்க. கோயில் மண்டபம், கடற்கரை மரத்தடி, எங்க இடம் கிடைச்சாலும் படுத்தாங்க. இப்போ நம்மகிட்ட கார் இருக்கு, லீவு இருக்கு, ஈப்போவுல இருந்து லுமுட்டுக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஆனா அரை நாள் இருக்கத்தான் நேரம் இல்லை.

"கோயிலுக்கு வர்றோமா, பிக்னிக் வர்றோமா"ன்னு ஒரு பெரியவர் போன வருஷம் எங்களைக் கேட்டாரு. நியாயமான கேள்வி. தங்கினா வேடிக்கை, குடி, கூத்துன்னு போயிடும்னு அவருக்குப் பயம். குடிச்சிட்டு ஊர்வலத்துக்கு நடுவுல வந்து ஆடுற பையன்களை நாங்களும் பார்த்திருக்கோம், மறைக்கல. ஆனா நாங்க பார்த்தவரைக்கும் அவங்கள்ல முக்கால்வாசி பேர் அன்னைக்கே வந்து அன்னைக்கே போறவங்கதான். குடும்பத்தோட தங்குறவங்க, ஆயா தாத்தாவைப் பக்கத்துல வச்சிருக்கிறவங்க, அப்படி ஆடி நாங்க பார்த்ததில்லை.

சரி, தங்குறவங்களுக்கு எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றோம்.

முதல்ல ரூம். மாசிமகம் பௌர்ணமியை ஒட்டி வர்றது. சீனப் புத்தாண்டு முடியுற சாப் கோ மேயும் பௌர்ணமிதான். 2024லயும் 2026லயும் ரெண்டும் ஒட்டி வந்துச்சு. அப்படி வர்ற வருஷம் தீவுல ரூம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. அதனால மாசிமகத் தேதி தெரிஞ்ச உடனே, பக்கத்துல சாப் கோ மே இருக்கா, பள்ளி விடுமுறை இருக்கான்னு காலண்டரைப் பாருங்க. ஊர்வலத்துக்காக வர்றவங்களுக்கு பாசிர் போகாக் பக்கம்தான் வசதி. கடல்ல முழுகி காவடி, பால்குடம் எடுக்கிறது அங்கதான். தெலுக் நிப்பா கடற்கரை அழகு, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், ஆனா விடியற்காலை அங்கிருந்து பாசிர் போகாக் வர வேன் தேட வேண்டியிருக்கும். பெரியவங்க இருந்தா கீழ் மாடி ரூம் கேட்டு வாங்குங்க. பல சின்ன ஹோட்டல்ல லிப்ட் கிடையாது. ஹோம்ஸ்டேன்னு முகநூல்ல விளம்பரம் பார்த்து முன்பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணிப் பேசுங்க. எங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் இல்லாத வீட்டுக்குக் காசு கட்டி ஏமாந்தாரு. அன்னைக்கு ராத்திரி பந்தல்ல எங்களோடதான் படுத்தாரு.

படகு விஷயம். பங்கோருக்குப் பாலம் கிடையாது. காரை லுமுட்லயோ மரினா ஐலண்ட்லயோ விட்டுட்டுத்தான் படகு ஏறணும். கார் நிறுத்தின இடத்தை ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, திரும்பி வரும்போது களைப்புல தேடுறது பெரிய வேதனை. ஈப்போவுல இருந்து பஸ்ல வர்றவங்களுக்கு அமான்ஜெயா நிலையத்துல லுமுட் பஸ் இருக்கு. லுமுட்ல ஏறினா படகு முதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நிக்கும், அப்புறம்தான் பங்கோர் டவுன். ஆலயத்துக்கு நேரா போறவங்க முதல் ஜெட்டியில இறங்கணும். பாசிர் போகாக் போறவங்க டவுன்ல இறங்குங்க. இது தெரியாம எல்லாரும் இறங்குறாங்கன்னு தானும் இறங்கி, மூட்டை முடிச்சோட வெயில்ல நிக்கிறவங்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஏறும்போதே "இந்தப் படகு எங்க நிக்கும்"னு ஒரு வார்த்தை கேளுங்க. திருவிழா நாள்ல நேரமும் மாறும். போன வருஷத்து அட்டவணையை வாட்சாப்ல அனுப்பாதீங்க, தயவு செஞ்சு. காவடி கொண்டு வர்றவங்க உயரமான பாகத்தைக் கழட்டி, துணி சுத்தி எடுத்து வந்தா படகுல மத்தவங்களுக்கும் இடைஞ்சல் இல்லை, மயிலிறகும் ஒடியாது.

தீவுக்குள்ள ரோஸ் கலர் வேன்தான் டாக்சி. ஏறுறதுக்கு முன்னாடி எத்தனை வெள்ளின்னு பேசிக்கோங்க. மோட்டார் வாடகைக்கு எடுக்கிற இளைஞர்களுக்கு ஒண்ணு: தீவோட வடக்குப் பக்கம் சாலை செங்குத்தா ஏறி இறங்கும். ரெண்டு பேர், மூணு பேர் ஏறிக்கிட்டு அந்தப் பக்கம் போகாதீங்க. ஹெல்மெட் மாட்டுங்க.

இப்போ கடல். இதை நிதானமா படிங்க. பௌர்ணமி சமயத்துல கடல் மத்த நாளைவிட அதிகமா ஏறும், அதிகமா இறங்கும். பாசிர் போகாக் பார்க்கச் சாது மாதிரி இருக்கும். காலையில முழங்கால் அளவு இருந்த இடம் சில மணி நேரத்துல மார்பளவு ஆயிடும். நேத்து ராத்திரி வந்து பார்த்தவங்களுக்கு இது புரியும், அப்பத்தான் காரை விட்டு இறங்கி ஓடி வந்தவங்களுக்குப் புரியாது. தங்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். இருட்டுல முழுகப் போறவங்க இடுப்பளவுக்கு மேல போகாதீங்க. பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆழத்துக்குப் போய் முழுகினாத்தான் வேண்டுதல்னு அம்மன் கேட்கல. பெண்கள் தாலிக்கொடியைப் புடவைக்குள்ள போட்டு ஊசி குத்திக்கோங்க, வளையலை ரூம்லயே வச்சுட்டு வாங்க. கடல்ல விழுந்த நகையைத் தேடித் தரச் சொல்லி அழுறவங்களுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. மாத்துறதுக்கு ஒரு சாரோங், ஒரு துண்டு கையில இருக்கட்டும்.

ஊர்வலம் பாசிர் போகாக்ல இருந்து தீவைக் குறுக்கா கடந்து, டவுன் வழியா, கிழக்குக் கரையோரமா ஆலயத்துக்கு வரும். வெயில் ஏறினா தார் ரோடு கால்ல ஒட்டும். பால்குடம் எடுக்கிற பெரியவங்க முடிஞ்ச அளவு விடியற்காலையிலேயே நடந்துடுங்க. தங்கியிருந்தா இது சுலபம். முதல் ஃபெரியில வந்து இறங்கினா வெயில் உங்களுக்கு முன்னாடி வந்து நிக்கும்.

இனிப்புநீர் இருக்கிறவங்க விரதத்தைப் பத்தி முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல மாத்திரையும் ஊசியும் போட்டுக்கிட்டு வெயில்ல நடந்து, எங்க பந்தல் வாசல்ல சரிஞ்சவங்க உண்டு. தீவுல அரசாங்க கிளினிக் இருக்கு. பெரிய வைத்தியம்னா கடலைத் தாண்டி ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குத்தான் போகணும். அதுக்கு ஆகுற நேரத்தை மனசுல வச்சுக்கோங்க.

சாப்பாடு. அன்னதானம் இருக்கும், அதைப் பத்திக் கவலை இல்லை. வெளியில சாப்பிடுற விரதக்காரங்க, இது மீனவர் தீவுங்கிறதை மறந்துடாதீங்க. நாசி லெமாக் சம்பல்ல நெத்திலியும் பிளாச்சானும் கலந்திருக்கும். சும்மா கீரை வறுவல்னு வாங்கினாலும் பிளாச்சான் இருக்கலாம். கேட்டு வாங்குங்க. சீனர்கள்லயும் பல பேர் பௌர்ணமிக்கு சைவம் சாப்பிடுறவங்க, அதனால அன்னைக்குச் சீனர் கடையில சைவம் கேட்டா யாரும் உங்களை விநோதமா பார்க்க மாட்டாங்க.

கருவாட்டு வாசனையைப் பத்தியும் சொல்லணும். ஊர்வலம் போற வழியில நெத்திலி காய வச்சிருப்பாங்க. சில பேர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "சாமி போற வழியில இதென்ன"ன்னு சத்தமாவே சொல்றாங்க. அது அந்த வீட்டுக்காரங்களோட சோறு. நாம தோட்டத்துல இருந்தப்போ ஒட்டுப்பால் நாத்தம் அடிக்காத வீடு உண்டா? அந்த நாத்தத்துலதான நம்மைப் படிக்க வச்சாங்க. அவங்க ஊருக்குத்தான் நாம வர்றோம். கடைக்காரர் சீனர், படகுக்காரர் மலாய்க்காரர், பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஊர்வலம் பார்க்கிறவங்க எல்லா இனமும்.

2025லயும் 2026லயும் மாசிமகம் நோன்பு மாதத்துக்குள்ளதான் வந்துச்சு. நோன்பு மாதம் பிறையில ஆரம்பிக்கும், மாசிமகம் பௌர்ணமியை ஒட்டி வரும், அதனால ரெண்டும் சேர்ந்தா சரியா நோன்போட நடுவுலதான் வந்து நிக்கும். 2026ல சாப் கோ மேயும் சேர்ந்து, ஒரே நிலாவுக்கு மூணு பேரும் விழிச்சிருந்தோம். அப்படிப்பட்ட வருஷம் பகல்ல மலாய்க்காரர் கடைகள் மூடியிருக்கும். வேன் ஓட்டுறவரும், படகுல மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறவரும் தண்ணி கூட குடிக்காம வேலை பார்ப்பாங்க. அவங்ககிட்ட அவசரப்படுத்திக் கத்தாதீங்க. நாமளும் விரதம், அவங்களும் விரதம்.

குப்பை. இதுல நாங்களே குத்தவாளி. பல வருஷத்துக்கு முன்னாடி எங்க பந்தல்ல வெள்ளை போம் கப்புலதான் மோர் கொடுத்தோம். மறுநாள் காலையில அந்தக் கப்பு கரை முழுக்க மிதந்துச்சு. அதே காலையில ஒரு மலாய் மீனவர், வயசானவர், எங்ககிட்ட வந்தாரு. கையில ஈரமான மஞ்சத் துணி, ஒரு கட்டு. வேண்டுதல் முடிச்சு யாரோ கடல்ல விட்ட புடவை, அவர் படகோட விசிறியில சுத்திக்கிட்டிருக்கு. அறுத்து எடுத்திருக்காரு. ஆனா கிழிஞ்ச துணியை மடிச்சு எங்க மேஜை மேல வச்சு, "தம்பி, இது உங்க சாமி சாமானா? தூக்கிப் போட மனசு வரல"ன்னு மலாய்ல கேட்டாரு. எங்களுக்குத் தலை நிமிரல. அன்னைக்கு அவர் கடலுக்குப் போகலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நாங்க எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். கழுவுறது பெரிய வேலைதான், முதுகு போயிடும். பரவாயில்லை. நீங்களும் கட்டின துணியைக் கடல்ல விடாதீங்க. எலுமிச்சை, பூ, தேங்காய் மூடி வரைக்கும் ஒரு பையில போட்டு ஆலயத்துல வைக்கிற குப்பைத் தொட்டியில சேருங்க. பிளாஸ்டிக் பையோட கற்பூரத் தட்டைக் கடல்ல மிதக்க விடுறவங்களுக்கு எங்க பிள்ளைங்க பணிவாத்தான் சொல்லுவாங்க, கோபப்படாதீங்க.

தங்கினவங்களுக்கு மறுநாள் காலை இருக்கே, அதுதான் எங்களுக்குப் பிடிச்ச நேரம். கூட்டம் கலைஞ்சிருக்கும். ஆலயத்துக்குப் போனா அம்மனை நிம்மதியா பார்க்கலாம், வாசல்ல நின்னா எதிர்ல கடல். பிள்ளைங்களைத் தெலுக் கெடுங் கூட்டிட்டுப் போங்க, 1670ல டச்சுக்காரங்க கட்டின கோட்டை இருக்கு. அங்க நின்னு 1874 ஜனவரி 20ல கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தைப் பத்தியும் சொல்லுங்க. அந்தக் காகிதத்தாலதான் வெள்ளைக்காரன் பேராக்ல கால் ஊனினான். பிறகு ரப்பர் வந்துச்சு, ரப்பருக்கு நம்ம பாட்டன் பூட்டன் வந்தாங்க. இந்தத் தீவு பேர்ல போட்ட ஒப்பந்தத்தால வந்து சேர்ந்த சனம், வருஷம் ஒரு தடவை இதே தீவுக்கு வேண்டுதலோட வருது. பள்ளிக்கூடத்துல தேதியை மட்டும்தான் படிக்கிறாங்க. போகும்போது நெத்திலியோ இறால் கருவாடோ, சைவமா இருந்தா பக்கத்து வீட்டுக்காவது, தீவுக் கடையில வாங்கிட்டுப் போங்க. ரெண்டு நாள் நம்ம சத்தத்தைப் பொறுத்துக்கிட்டவங்களுக்கு ஏதாவது வியாபாரம் ஆகட்டும்.

எல்லாராலயும் தங்க முடியாது, அதுவும் எங்களுக்குத் தெரியும். பேக்டரியில ஷிப்டு வேலை, லீவு கிடைக்காது. ஆறு பேர் குடும்பத்துக்குத் திருவிழா விலைக்கு ரூம் எடுக்கக் கட்டுப்படியாகாது. அவங்களை நாங்க குத்தம் சொல்லல. ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து ஒரு ஹோம்ஸ்டே எடுத்துப் பாருங்க, தலைக்குக் கணக்குப் பார்த்தா குறையும். அதுவும் முடியாதுன்னா, வீட்டுப் பெரியவங்களையும் துணைக்கு ஒருத்தரையும் மட்டுமாவது முதல் நாளே அனுப்பி வச்சுட்டு, மத்தவங்க மறுநாள் வாங்க. அதுவும் இல்லைன்னா, கடைசி ஃபெரிக்குக் காத்திருக்காம ரெண்டு மூணு படகு முன்னாடியே கிளம்பிடுங்க. பெரியவங்க பையிலயும் பிள்ளைங்க பையிலயும் ஒரு போன் நம்பர் எழுதி வைங்க. எந்த ஜெட்டி, யார் யாரோட ஏறணும்னு காலையிலேயே பேசி முடிவு பண்ணுங்க.

இளைஞர் மன்றங்களுக்கும் நாட்டாமைக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய தோட்டத்து ஆளுங்க எந்தத் தாமான்ல, எந்த அடுக்குமாடியில சிதறிக் கிடக்கிறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். பஸ் பிடிக்கிறப்போ ஒரு நாள் பஸ்ஸா பிடிக்காம ரெண்டு நாள் பஸ்ஸா பிடிங்க. கொஞ்சம் கூடுதல் செலவுதான். டீ சட்டை அடிக்கிற காசை அதுக்குத் திருப்பினாலே பாதி வரும். இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வருது, வரட்டும்.

அந்த ஜெட்டி ஆயா இன்னும் நல்லா இருக்காங்க, முழங்கால்தான் மோசம். போன வாரம் அவங்க பேரன் போன் பண்ணினான். வழக்கமான கேள்விதான் வரும்னு நினைச்சோம். "அண்ணே, பாசிர் போகாக்ல கீழ் மாடி ரூம், ஜன்னல்ல கடல் தெரியுற மாதிரி எங்க கிடைக்கும்? ரெண்டு ராத்திரிக்கு வேணும்"னு கேட்டான். தேடிக்கிட்டிருக்கோம். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

ஓம் சக்தி.